ஆறு பேருக்கு ஒரே இடுப்புப் பை

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம், வயது 34. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்த நாங்கள் ஆறு பேர், மாதம் 4,000 வீதம் இருபது மாதம் சீட்டுப் போட்டு, போன ஆவணியில் தாய்லாந்து போய்வந்தோம். யாருக்கும் இதற்கு முன் வெளிநாடு பழக்கமில்லை. டிக்கெட், ஓட்டல், பணம், ஆறு பேர் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் நான்தான் என் இடுப்புப் பையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

பெங்களூரில் ஒரு நண்பரின் டிக்கெட்டில் இருந்த பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துவரவில்லை என்று நிறுத்தினார்கள். 4,500 ரூபாய் கட்டித் திருத்தினோம். பாங்காக்கில் இரண்டு நாள் தங்கிவிட்டு, புக்கெட் போகும் நாளன்று வந்து இறங்கிய விமான நிலையத்துக்கே போய் நின்றோம். எங்கள் விமானம் வேறொரு நிலையத்திலிருந்து கிளம்பிப் போய்விட்டது. ஆறு பேருக்கும் புது டிக்கெட் 42,000. புக்கெட்டில் மூன்று ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தோம். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இரண்டாம் நாள் இரவு எல்லோரும் கொஞ்சம் உற்சாகத்தில் இருந்தோம். ஒரு வண்டி சறுக்கி, ஓட்டிய நண்பருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனைக்கு 68,000. காப்பீட்டு நிறுவனம் தர மறுத்துவிட்டது. ஸ்கூட்டர் கடைக்காரர் என் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, 20,000 பாட் வாங்கிய பிறகே கொடுத்தார். நம் பணத்தில் 54,000. திரும்பி வந்து இறங்கியபோது ஒரு பை வரவில்லை. வேன் காத்திருந்ததால் எதுவும் எழுதிக் கொடுக்காமல் வந்துவிட்டோம். ஐந்தாம் நாள் அது வீடு வந்து சேர்ந்தது, ஒரு சக்கரம் இல்லாமல். பை வந்து பத்து நாளாகிறது.

இப்போது, ‘பொறுப்பு எடுத்தவன் நீ, 1,68,500 ரூபாயும் நீதான் தரவேண்டும்’ என்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் பேச்சே இல்லை. நான் தருவது நியாயமா? இதில் எதையாவது திரும்ப வாங்க முடியுமா? இத்தனைக்கும் நடுவில், வரும் தைப்பூசத்துக்கு மலேசியா போகலாம், நீயே ஏற்பாடு செய் என்று அவர்களே சொல்கிறார்கள். செய்யலாமா? காங்கயத்து நண்பர் கிள்ளானில் இருக்கும் தன் மாமாவுக்குக் கொப்பரை கொண்டுபோக வேண்டும் என்கிறார், அதையும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்த விடையை முன்னால் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தரவேண்டியது 18,250 ரூபாய்.

ஈரோட்டில் 22 ஆண்டுகளாக டிக்கெட் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கூலி வாங்கிக்கொண்டு டிக்கெட் போட்டவன் தப்புச் செய்தால் அவன் கைக்காசு. அதில் பேச்சே கிடையாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஜவுளி வியாபாரிகள் எட்டுப் பேருக்குச் சென்னையிலிருந்து டிக்கெட் போட்டேன். விமானம் 14ஆம் தேதி 00.20 மணிக்கு. நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம், அதாவது 13ஆம் தேதி இரவு சாப்பிட்ட கையோடு விமான நிலையத்தில் இருக்கவேண்டும். நான் ‘பதினாலாம் தேதி ராத்திரி’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது விமானம் போய் முக்கால் நாளுக்கு மேல் ஆகியிருந்தது. எட்டுப் பேருக்கும் மறு டிக்கெட் என் தலையில். அப்பா குடோனில் வைத்திருந்த மஞ்சளை, விலை ஏறும்வரை காத்திராமல் விற்றுக் கொடுத்தார். பங்குனியில் விலை ஏறியபோது அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செய்தித்தாளில் மஞ்சள் விலை போட்டிருந்த பக்கத்தை மட்டும் மடித்து என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

நீங்கள் கூலி வாங்கவில்லை. நண்பர்களுக்காக இராத்திரி கண்விழித்துப் போனைத் தேய்த்து டிக்கெட் போட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்தவரிடம் ஏஜெண்டிடம் கேட்கிற நஷ்டஈட்டைக் கேட்பது முறையில்லை. அதற்காக உங்களுக்குப் பொறுப்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விமானம் தவறியதை எடுத்துக்கொள்ளுங்கள். பாங்காக்குக்கு இரண்டு விமான நிலையங்கள். கிழக்கே சுவர்ணபூமி, 2006இல் திறந்தது. நீங்கள் வந்து இறங்கியது அங்கே. டிக்கெட்டில் அதன் குறியீடு பி.கே.கே. வடக்கே தொன் முவாங், பழைய நிலையம், இப்போது மலிவுக் கட்டண விமானங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான். இரண்டுக்கும் இடையே கோபியிலிருந்து ஈரோடு போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போகும் வழியெல்லாம் பாங்காக் நெரிசல். தொன் முவாங்கின் குறியீடு என்ன தெரியுமா? டி.எம்.கே. உலகத்தில் இத்தனை விமான நிலையங்கள் இருக்க, தமிழ்நாட்டு ஆளுக்கு மறக்கவே முடியாத மூன்றெழுத்து இந்த ஒன்றுக்குத்தான் வாய்த்திருக்கிறது. என்னிடம் டிக்கெட் போடுபவர்களிடம் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. எந்தக் கட்சிக்காரரும் இதுவரை அந்த நிலையத்தைத் தவறவிட்டதில்லை.

அந்த டிக்கெட் உங்கள் போனில் மட்டுமா இருந்தது? குழுவில் ஆறு பேருக்கும் அனுப்பியிருப்பீர்கள். அனுப்பியிருந்தால், அந்த 42,000 ஆறாகப் பிரியவேண்டிய தொகை. தலைக்கு 7,000. இருபது மாதச் சீட்டில் ஒரு மாதம் நூறு ரூபாய் குறைந்திருந்தால் ஆறு பேரும் நோட்டை வாங்கிப் புரட்டியிருப்பார்கள். டிக்கெட்டைத் திறந்து எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே. நண்பர்கள் கோபப்பட்டால் இதைச் சொல்லுங்கள், என் பெயரிலேயே சொல்லுங்கள்.

இந்தத் தொகையில் பெரிதாக எதுவும் திரும்பாது. நேரத்துக்கு வராத பயணியின் டிக்கெட் செத்த டிக்கெட். ஆனால் அதன் விலைக்குள் விமான நிலையக் கட்டணம் என்று ஒரு சிறு தொகை ஒளிந்திருக்கும். ஏறாத பயணிக்கு அதை மட்டும் திருப்பித் தரும் நிறுவனங்கள் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். ஒரு மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள். இன்னொன்று, எதிர்காலத்துக்கு: அங்கே ஒரு நிலையத்தில் இறங்கி மற்றொன்றில் ஏறவேண்டிய பயணிகளுக்கு, டிக்கெட்டைக் காட்டினால் இலவச பஸ் உண்டு.

இனி ஸ்கூட்டர். இதில்தான் எனக்கு உங்கள்மேல் வருத்தம்.

‘நான் வேண்டாம் என்றேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்றவருடைய பாஸ்போர்ட்தான் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறது. எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஆண்டுக்கு நாலு பேராவது இதே கதையோடு வருகிறார்கள். கடற்கரைச் சாலையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட சின்னக் கடை. ஒரு பெண்மணி சிரித்த முகமாக வரவேற்று ஒரு நோட்டை நீட்டுவார். முன்பணமாகச் சில ஆயிரம் பாட் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு பாஸ்போர்ட் கொடுங்கள் என்பார். பணத்தை எடுத்துக் கொடுக்க மனம் வராது, பாஸ்போர்ட் கொடுக்கக் கை தயங்காது. இடுப்புப் பையைத் திறந்தால் மேலாக இருந்தது உங்களுடையது. அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் நகையை அடகு வைப்பது புதிதல்ல. ஆனால் நகை நம்முடையது. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி உங்கள் பாஸ்போர்ட் எந்நேரமும் மத்திய அரசின் உடைமை. நீங்கள் அதை வைத்திருக்கிறீர்கள், அவ்வளவே. அடுத்தவர் பொருளை, அதுவும் அரசாங்கத்தின் பொருளை, மூன்று ஸ்கூட்டருக்கு ஈடாக வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அது கடைக்காரர் கையில் இருக்கும்வரை அவர் சொன்னதுதான் விலை. கீறல் ஒன்றா மூன்றா, அது புதியதா பழையதா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊருக்குத் திரும்பும் விமானம் நாளைக் காலை என்பது அவருக்கும் தெரியும்.

அன்றைக்குச் செய்திருக்கவேண்டியதைச் சொல்கிறேன். வண்டி எடுக்கும்போதே நாலு பக்கமும், சக்கரமும், கண்ணாடியும் தெரிய வீடியோ எடுத்திருக்கவேண்டும். பணமாக முன்பணம் கட்டி ரசீது வாங்கியிருக்கவேண்டும். கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்கு நடந்திருக்கவேண்டும். தகராறு என்று வந்தபிறகும் ஒரு வழி இருந்தது: தாய்லாந்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனிக் காவல் பிரிவு இருக்கிறது, எண் 1155. ஆங்கிலத்தில் பேசலாம். அவர்கள் வந்து நின்றால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன், சேதம் செய்தது நீங்கள்தானே. ஆனால் 20,000 என்ற பேச்சு குறைந்திருக்கும். இப்போது ஊரில் இருந்துகொண்டு அதை மீட்க வழியில்லை. அந்த 54,000ஐ ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆறு பேரும் ஏறி ஓட்டியிருக்கிறீர்கள், விழுந்த வண்டி எது என்பது வெறும் அதிர்ஷ்டம். தலைக்கு 9,000.

அடுத்தது அந்த மணிக்கட்டு. ‘கொஞ்சம் உற்சாகத்தில் இருந்தோம்’ என்ற வரியை இரண்டு முறை படித்தேன். என் தொழிலில் அந்தச் சொல்லுக்கு லிட்டர் கணக்கு உண்டு, தம்பி. நீங்கள் எனக்கு மறைத்து எழுதலாம். அந்த மருத்துவமனைச் சீட்டில் மருத்துவர் மறைத்திருக்க மாட்டார். காப்பீட்டு நிறுவனம் முதலில் அந்தத் தாளைத்தான் கேட்கும். பெரும்பாலான பயணக் காப்பீடுகளில் மது அருந்திய நிலையில் நடந்த விபத்துக்குப் பணம் கிடையாது. அதுபோலவே, அந்த நாட்டில் செல்லத்தக்க உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டினாலும் கிடையாது. ஆகவே மறுபடி மனுப் போடுகிறேன், பின்னால் உட்கார்ந்து வந்ததாகச் சொல்கிறேன் என்று எவராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். போலி வாக்குமூலம் கொடுத்தால் 68,000ஐவிடப் பெரிய வம்பு வரும்.

உரிமத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் லைசென்ஸ் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தாய்லாந்திலும் நம்மைப்போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் நம் ஆட்களுக்கு ஒரு அசட்டுத் துணிச்சல். இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டினால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கொடுக்கிறார்கள், ஓராண்டு செல்லும். உங்கள் லைசென்ஸில் இருசக்கர வாகனம் இருந்தால்தான் அதிலும் இருக்கும். கார் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டினால் அங்கே லைசென்ஸ் இல்லாதவர் கணக்கு. தலைக்கவசம் அங்கேயும் கட்டாயம். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆவணியில் புக்கெட்டில் மழைக்காலம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்குச் சாரல் தருகிற அதே தென்மேற்குப் பருவமழை அந்தக் கரையிலும் பெய்கிறது. ஓட்டல் வாடகை அந்த மாதத்தில் ஏன் அவ்வளவு மலிவாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. ஈரச் சாலை, மலை வளைவு, இராத்திரி, உற்சாகம். மணிக்கட்டோடு போனதற்கு முனீஸ்வரனுக்கு ஒரு தேங்காய் உடையுங்கள்.

அந்த 68,000 ஓட்டியவருடையது. அதில் உங்கள் பங்கு ஒரு ரூபாயும் இல்லை. ஆனால் கணக்கு வேறு, நட்பு வேறு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் எழுதுகிறவர்கள் நாம். ஐந்து பேரும் கூடிப் பேசி, அவரவர் வசதிக்கு ஏற்ற ஒரு தொகையைக் கவரில் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். அவருடைய வீட்டம்மா ஏதாவது சொல்வார். கேட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதை அபராதமாகக் கொடுத்தால் அவரும் வாங்கமாட்டார், உங்களுக்கும் கசக்கும்.

பெயர்த் திருத்தத்துக்கான 4,500ஐ நீங்களும் அந்த நண்பரும் பாதிப்பாதியாக ஏற்றுக்கொள்ளுங்கள், 2,250 வீதம். அவர் அனுப்பியது பாஸ்போர்ட் படமாக இராது, ஆதார் அட்டைப் படமாக இருக்கும். நீங்கள் அதைப் பார்த்து இனிஷியலோடு அடித்திருப்பீர்கள். என் அனுமானம்தான், ஆனால் பத்தில் ஒன்பது முறை இப்படித்தான். இந்தச் சிக்கலை நம் தமிழர்கள் அளவுக்கு வேறு யாரும் படுவதில்லை, ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்கு ஒரு பெயர், முன்னால் அப்பாவின் முதலெழுத்து. குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மிடம் இல்லை. பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்கள்: ஒன்று குடும்பப் பெயர், மற்றது இட்ட பெயர். இனிஷியலை அங்கே ஏற்பதில்லை, விரித்துத்தான் எழுதவேண்டும். நம் ஆட்கள் பலர் முதல் கட்டத்தைக் காலியாக விட்டு, இரண்டாவதில் தன் பெயரை மட்டும் எழுதிவிடுகிறார்கள். உதாரணத்துக்கு ‘செந்தில்குமார்’ என்று மட்டும். உள்ளூரில் ஒன்றும் ஆகாது. வெளிநாட்டு டிக்கெட் போடப் போனால் அந்த இணையதளம் இரண்டு பெயரையும் கேட்கும், ஒன்றை விட்டால் நகராது. ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் ஊர்ப் பெயரைக்கூடப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒற்றைப் பெயர் உள்ளவருக்கு எப்படிப் போடவேண்டும் என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி. சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தைக் கேட்பதுதான் வழி. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவரைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டது. அடுத்து துபாய் என்று உங்களில் யாராவது ஆரம்பிப்பார்கள், அப்போது இது நினைவிருக்கட்டும்.

அந்த நண்பருக்கு நான் சொல்வது, இந்த இடைவெளியிலேயே பாஸ்போர்ட்டை மறு வெளியீட்டுக்குக் கொடுத்து, குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயரை ஏற்றிவிடுவது. நம் பக்கத்துக்குக் கோவை மண்டல அலுவலகம். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், அவசரமென்றால் தட்கலுக்கு மேலும் 2,000. புதுப் புத்தகம் கைக்கு வந்தபிறகே மலேசியா டிக்கெட் போடவேண்டும். பழைய பெயரில் முன்கூட்டிப் போட்டுவிட்டுப் பிறகு ஓடாதீர்கள்.

ஆக 7,000, 9,000, 2,250. கூட்டிக்கொள்ளுங்கள்.

பையைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. சர்வதேசப் பயணத்துக்குப் பொருந்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்தைப் பை கைக்கு வந்த ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும், தாமதத்தை இருபத்தொரு நாளுக்குள். உங்களுக்குப் பத்து நாளாகிவிட்டது. சக்கரத்தை மறந்துவிடுங்கள், பை தைப்பவரிடம் கொடுத்தால் வேறு மாட்டித் தருவார். தாமதத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அந்தப் பை இல்லாததால் ஏதாவது வாங்க நேர்ந்திருந்தால், ரசீது இருந்தால், உடனே எழுதுங்கள். சொந்த ஊருக்குத் திரும்பிய பயணத்தில் அப்படி என்ன வாங்கியிருக்கப் போகிறீர்கள்? அடுத்த முறை, வேன்காரர் எவ்வளவு சத்தம் போட்டாலும், பை வரும் பட்டையின் பக்கத்திலேயே இருக்கும் மேசையில் எழுதிக் கொடுத்து எண் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். அந்த ஒரு தாள் இல்லையென்றால் பை உங்களிடம் சரியாக வந்து சேர்ந்ததாகவே நினைப்பார்கள்.

மலேசியாவுக்கு ஏற்பாடு செய்யலாமா என்று கேட்டீர்கள். செய்யுங்கள். உங்களை விட்டால் அந்த ஆறு பேரில் யாரும் செய்யப்போவதில்லை, அதனால்தான் சண்டை போட்டுக்கொண்டே உங்களையே கேட்கிறார்கள். ஆனால் அந்த இடுப்புப் பை வேண்டாம். தைப்பூசத்துக்கு நம் பக்கத்திலிருந்து பழநிக்கு நடந்து போகிறோமே, அவரவர் துண்டு, அவரவர் தண்ணீர்ப் புட்டி, அவரவர் தோளில்தானே? முன்னால் நடக்கிறவருக்கு வழி தெரியும், அதற்காக எல்லார் மூட்டையையும் அவர் தலையில் ஏற்றுவதில்லை. பாஸ்போர்ட் அவரவர் பையில். டிக்கெட்டை ஆளுக்கொரு படி அச்செடுத்து, பெயரையும் தேதியையும் விமான நிலையத்தையும் அவரவரே படித்துப் பார்த்து ஓரத்தில் கையெழுத்துப் போடட்டும். சிரிப்பார்கள். சீட்டு நோட்டில் கையெழுத்துப் போட்டபோது சிரித்தார்களா? பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து ஒவ்வொருவரும் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும். ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் ஒன்று அங்கே கொடுப்பார்கள்.

மலேசியா 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள்வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறது. இந்தச் சலுகைகள் அவ்வப்போது நீளும், நிற்கும். டிக்கெட் போடும் வாரத்தில் அந்நாட்டுக் குடிநுழைவுத் துறை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாத ஆயுள் இருக்கவேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டை ஒன்றை இணையத்தில் நிரப்பவேண்டும். காசு கிடையாது, கேட்கும் இணையதளம் போலி. இதையும் நீங்கள் ஆறு பேருக்கும் நிரப்பிக் கொடுக்காதீர்கள். ஒருநாள் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து அவரவர் போனில் அவரவர் நிரப்பட்டும். கோலாலம்பூர் விமான நிலையத்திலும் இரண்டு முனையங்கள், நடந்து போகிற தூரமில்லை, ரயிலில் போகவேண்டும். டிக்கெட்டில் முனையம் ஒன்றா இரண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்துமலையில் 272 படி. பழநி ஏறிய கால்களுக்கு அது ஒன்றுமில்லை, ஆனால் பூசத்தன்று கூட்டத்தில் ஆறு பேரும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவது நடக்காது. எங்கே சந்திப்பது என்று கீழேயே ஓர் இடத்தைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஓட்டலை இப்போதே பிடியுங்கள்.

காங்கயத்து நண்பரின் கொப்பரைக்கு வருகிறேன். கொப்பரை விமானத்தில் ஏறாது. அதில் எண்ணெய் அதிகம் என்பதால், தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய சரக்கு என்று விமானப் போக்குவரத்தில் வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். களத்தில் கொப்பரையைக் குவித்து வைத்துக் கை விட்டுப் பார்த்தவருக்கு அது ஏன் என்று நான் சொல்லவேண்டியதில்லை. போன ஆண்டு ஒரு அம்மா மகளுக்குக் கொடுக்க இரண்டு கிலோ கொண்டுபோய், விமான நிலையத்திலேயே பையைப் பிரித்து எடுத்து, வழியனுப்ப வந்த தம்பியிடம் கொடுத்தனுப்பினார். கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போவதாக இருந்தால் மசாலாப் பொட்டலத்தில் கசகசாவும் இருக்கக் கூடாது, அங்கே அது தடை. கிள்ளான் மாமாவுக்கு ஒரு மரச்செக்குக் கடையில் இரண்டு கிலோ கச்சாயமோ கடலை மிட்டாயோ வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணெய்தான் வேண்டும் என்றால், கசியாமல் அடைத்த புட்டியாகப் பார்த்து, கையில் வைத்துக்கொள்ளாமல் உள்ளே போகிற பையில் வைக்கட்டும். அதையும் அவரவர் பையிலேயே.